மச்சானுக்கும்தான்

எங்கள் வலி கிளினிக்கின் சுவரில் முன்பு ஒரு பலகை தொங்கியது. அதில் இருந்த தமிழ் என்னுடையது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்த வழிகாட்டுக் குறிப்புகளை உட்கார்ந்து படித்து, ஏழு வரியாகச் சுருக்கி, பெயிண்டரிடம் கொடுத்து எழுதி வாங்கினேன். 'மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் உட்கொள்ளலாகாது. மதுவுடன் உட்கொள்ளலாகாது. பூட்டிய இடத்தில் வைக்கவும். மருந்தைப் பிறருடன் பகிர்தல் கூடாது.' இப்படியே போகும். பகிர்வதைப் பற்றியது கடைசி வரி. என் அப்பா எங்கள் ஊரான நாசரேத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாஸ்டலிலிருந்து நான் எழுதிய கடிதங்களையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவர். பலகையின் போட்டோவை அவருக்கு அனுப்பினேன். 'பிழையில்லை' என்று பதில் வந்தது. அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து எனக்கு வந்ததில்லை. இரண்டு நாள் அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

அந்தப் பலகை ஒரு உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கிளினிக் செவ்வாயும் வெள்ளியும். தூத்துக்குடியில் வலிக்கா பஞ்சம்? உப்பளத்தில் நின்று கால் வெந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், அக்கி வந்து ஆறிய பிறகும் தோல் எரிகிறது என்பவர்கள், புற்றுநோய்க்காரர்கள். புற்றுநோயின் கடைசி நாட்களில் இருப்பவருக்கு மார்ஃபின் எழுத நான் தயங்கியதே கிடையாது. வேண்டிய அளவு கொடுத்து, வலியில்லாமல் இருக்கவிட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல், இன்னும் இருபது வருஷம் வாழப்போகிறவரின் வலி. அபின் குடும்பத்து மாத்திரை அவருக்கும் வலியைக் குறைக்கும். ஆனால் உடம்பு அதற்குப் பழகும். பழகிய பிறகு அதே மாத்திரை கூடுதலாகக் கேட்கும். நிறுத்தினால் உடம்பு சண்டைக்கு வரும். ஆகவே மற்ற வழியெல்லாம் பார்த்த பிறகுதான் அதைத் தொடவேண்டும். தொட்டால் இருப்பதில் சின்ன அளவு, பதினாலு நாளைக்கு மேல் ஒரே தடவையில் கிடையாது, ஒரே டாக்டர், ஒரே மருந்துக்கடை. இதையெல்லாம் நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திரேஸ்புரத்துக்காரர், ஐம்பத்து நாலு வயது, சங்கு குளிக்கிறவர். இரண்டு பேர் தோளில் கைபோட்டு, கால் தரையில் பாதி பட்டும் படாமலும் உள்ளே வந்தார். பின்னால் மருந்துப் பையும் எக்ஸ்ரே கவருமாக அவர் மனைவி. எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்ததும் கதை விளங்கிவிட்டது. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு அடியிலேயே நெடுநேரம் இருந்துவிட்டு, சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி கிளம்பும். அது எலும்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். இருபது வருஷம் அப்படி ஏறி இறங்கியதில் இவருக்கு இரண்டு இடுப்பு மூட்டின் பந்து எலும்பும் செத்துப்போயிருந்தன. மாற்று மூட்டு அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தார். முறை வர மாதக்கணக்கில் ஆகும்.

சாதாரண மாத்திரைகள் பலிக்கவில்லை. வீக்கம் குறைக்கும் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி ரத்த வாந்தி வரை கொண்டுபோயிருந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தோம், ஊன்றுகோல் கொடுத்தோம், சுடுநீர் ஒத்தடம் சொன்னோம். ஆறு வாரம் பார்த்துவிட்டு, அறுவை நடக்கும்வரை என்ற கணக்கில் அபின் குடும்பத்து டிரமடால் எழுதலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். குடி உண்டா?

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம்" என்றார்.

"கொஞ்சம்னா மூடி அளவுக்கா, பாட்டில் அளவுக்கா?" என்று எங்கள் சிஸ்டர் கேட்டார். மணப்பாட்டுக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

மனைவி சிரித்துவிட்டார். "இனி அவிய தொட மாட்டாவ டாக்டரம்மா. நான் பொறுப்பு."

தூக்க மாத்திரை உண்டா, வலிப்பு வந்ததுண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று எல்லாம் கேட்டு, மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து எழுதினேன். கடைசியாக ஒரு கேள்வி. அதுதான் முக்கியமான கேள்வி என்று நான் ஜூனியர்களுக்கு வகுப்பெடுப்பேன். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்பது பாதி வேலைதான். குறைந்தால் என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய முடிந்தால் மருந்து வேலை செய்கிறது. முடியாவிட்டால் மருந்தைக் கூட்டுவதில் அர்த்தமில்லை.

"வலி முழுசா போகாது அண்ணாச்சி. கொஞ்சம் குறைஞ்சா என்ன செய்யணும்னு நினைக்கீங்க?"

"வள்ளத்துல ஏறணும்."

"ஏறி? இனிமே குளிக்க முடியாது, தெரியும்லா?"

"குளிக்க இல்ல. சும்மா உக்காரணும்."

சும்மா உட்காருவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஃபாரத்தில் 'நோக்கம்' என்று இருந்த இடத்தில் 'கடற்கரை வரை நடப்பது' என்று நானே எழுதிக்கொண்டேன். வெளியே வரிசை நின்றது.

மாத்திரை கேட்டது. இரண்டாம் மாதம் ஊன்றுகோலோடு தனியாக நடந்து உள்ளே வந்தார். நாளைக்கு நான்கு மாத்திரை, பதினாலு நாளுக்கு ஐம்பத்தாறு. சரியான தேதிக்கு வருவார், காலி அட்டைகளைக் காட்டுவார், புதிதை வாங்கிப் போவார். சிஸ்டரிடம் அவரைக் காட்டி, "இவர மாதிரி இருந்தா நமக்கு என்ன கவலை" என்று சொல்லியிருக்கிறேன். என் வாய்முகூர்த்தம், மூன்றாம் மாதம் மாத்திரை வாங்கிய பதினோராவது நாளே வந்து நின்றார். மாத்திரை தீர்ந்துவிட்டதாம்.

இது எச்சரிக்கை மணி. அதிகமாக விழுங்குகிறாரா, யாருக்காவது போகிறதா, விற்கிறாரா என்று பார்க்கவேண்டும். பார்த்தேன். என்ன லட்சணத்தில் பார்த்தேன் என்பதுதான் கதை. சுவரைக் காட்டி, "அதுல எழுதியிருக்கிறத படிச்சீங்களா?" என்றேன்.

"படிச்சேன் டாக்டரம்மா."

"கடைசி வரி?"

"படிச்சேன். நான் யாருக்கும் பகிரல. ஒரு தடவ கூட பகிரல."

கண்ணைப் பார்த்துச் சொன்னார். சரி, வலி கூடியதில் நாளைக்கு ஒன்று கூடப் போட்டிருப்பார் என்று நினைத்து, எச்சரித்துக் கொடுத்தனுப்பினேன். அடுத்த தடவை பத்தாவது நாளே வந்தார். மறுபடியும் பலகை, மறுபடியும் கேள்வி. "மாதா சத்தியமா பகிரல" என்றார். பக்கத்தில் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணினேன்: பகிரவில்லை என்றால் நாளைக்கு ஐந்தாறு மாத்திரை இவர் வயிற்றுக்குள் போகிறது, அதை என்னிடம் மறைக்கிறார், சத்தியம் வேறு பண்ணுகிறார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டிலும் அதுதான் குற்றச்சாட்டு. "என்னை என்ன கேனச்சினு நினைச்சீங்களா? இனி இந்த மாத்திரை உங்களுக்குக் கிடையாது" என்று சொல்லி, சீட்டில் கோடு கிழித்து, சாதாரண வலி மாத்திரை எழுதி நீட்டினேன். அவர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் எழுதிய பலகையின் ஐந்தாவது வரி, 'மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது'. அது என் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

அது வெள்ளி. செவ்வாய்க்கிழமை காலை மனைவி மட்டும் வந்தார். வரிசையில் நிற்கவில்லை, நேராக என் மேஜைக்கு வந்தார்.

"டாக்டரம்மா, அவியளுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு, ஆனா உடம்பு சுடல. வேர்த்து ஊத்துது. மூக்கு ஒழுகுது, வயித்தால போகுது. ராத்திரி முழுக்கக் கால உதறுதாவ, ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. மேலெல்லாம் புல்லரிச்சு நிக்கி."

பழகிய மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்று பாடத்தில் இருக்கிறதோ, அதை இந்த அம்மாள் புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். செய்தவள் நான்.

அவர் இன்னும் முடிக்கவில்லை. "என் தம்பிக்கும் அதேதான். அவனுக்கும் ஒரே நாளுல பிடிச்சுட்டு. தொத்து வியாதியா டாக்டரம்மா? வீட்டுல வேற யாருக்கும் இல்ல. அவிய ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி?"

இது தொற்றுகிற வியாதி இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடியது இதில் ஒன்றே ஒன்றுதான், மாத்திரை.

"அக்கா, உங்க தம்பிக்கு என்ன வேலை?"

"அதே வேலைதான். சங்கு குளிக்கான்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் சிஸ்டரைப் பார்த்தேன். டிரமடாலைப் போட்டுக்கொண்டு ஒருவன் பத்துப் பாகம் ஆழத்துக்கு, அறுபதடிக்கு, இறங்குகிறான். அது தூக்கம் தரும். குமட்டும், வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டிருப்பவனுக்கு வாந்தி வந்தால் என்ன ஆகும்? சிலருக்கு வலிப்பே வரும். எல்லாவற்றையும்விட மோசம், மேலே வந்த பிறகு மூட்டு வலித்தால்தான் குமிழி ஏறியது என்று குளிக்கிறவனுக்குத் தெரியும். அந்த வலியையும் மாத்திரை மறைத்துவிடும். மறுநாள் மறுபடியும் இறங்குவான். அக்காள் புருஷனுக்கு மாத்திரை நின்றால் அவரால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. நிற்காவிட்டால் தம்பி கடலடியில் கண்ணயர்ந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மாள் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஓ.பி. முடிந்ததும் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு அவரோடு ஆட்டோவில் திரேஸ்புரம் போனேன். சின்ன வீடு. நுழைந்ததும் சுவரில் கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா சுரூபம், அதன் கீழே கட்டில். அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார். நான்கு நாளில் முகம் வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மனைவி பக்கத்து வீட்டிலிருந்து தம்பியை அழைத்துவந்தார். நாற்பது வயதிருக்கும், முறுக்கேறிய உடம்பு, வலது கையைத் தூக்காமல் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தார். அவருக்கும் கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

முதலில் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. இந்த மாத்திரையை ஒரே நாளுல நிறுத்தக் கூடாது. நீங்க படுத பாடெல்லாம் அதனாலதான். மன்னிச்சிருங்க."

இதைச் சொல்ல எனக்கு எளிதாக இல்லை. நாசரேத்துக்காரிக்குத் தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கம் கோயிலுக்குள், ஜெபத்தில் மட்டும்தான்.

அவர் கையை ஆட்டினார். "அது போகட்டும் டாக்டரம்மா."

"சரி, இப்போ நேரா கேக்கேன். உங்க மாத்திரைல மச்சானுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் திகைத்துப்போனேன். "பிறகு ஏன் ரெண்டு தடவையும் என்கிட்ட பகிரலன்னு சொன்னீங்க? மாதா மேல சத்தியம் வேற!"

"ஆமா. பகிரலையே."

"குடுத்தேன்னு இப்போதான சொன்னீங்க?"

அவருக்கும் குழப்பம். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். ஏதோ ஒரு வீடியோவைத் திறந்து, அதன் கீழே இருந்த பொத்தானை என் முகத்துக்கு நேரே காட்டினார். 'பகிர்' என்று எழுதியிருந்தது. "இதத்தான சொன்னீய? மருந்த போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது, ஆஸ்பத்திரில தப்பா எடுத்துக்கிடுவாவன்னு நான் அட்டைய ஒரு போட்டோ கூட எடுக்கலயே. சந்தேகம்னா போன பாருங்க."

சிஸ்டர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அந்த மனிதர் சத்தியம்தான் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னதாக நான்தான் நான்கு பேருக்கு முன்னால் வைத்து அவரைக் கேவலப்படுத்தியிருக்கிறேன். அவர் வாழ்நாளில் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்ததைப் 'பகிர்ந்தேன்' என்று சொல்லியிருப்பாரா? குடுத்தேன், பங்கு வச்சேன், அதுதானே அவருடைய தமிழ். எனக்கும் வீட்டில் அதுதானே தமிழ்.

"சரி. குடுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

இதற்கு அவர் முகம் மாறியது. "இருவது வருசம் நான் அடியில இருந்தேன். இவன் மேல வள்ளத்துல உக்காந்து டியூப்பப் பிடிச்சு எனக்குக் காத்து விட்டான். எனக்குக் கால் போன பிறகு குளிக்க இவன் இறங்குதான். ரெண்டு வீட்டுக்கும் இவன்தான் பாக்கான். தினம் என் வீட்டுக்குக் குழம்புக்கு மீன் வருது. தோள் வலிக்குன்னு இவன் அழுதா, நான் மாத்திரைய வச்சுக்கிட்டு ஒத்தையில முழுங்கணுமா?"

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மூன்றாம் மாதம் வரை தன் நான்கில் ஒன்றோ இரண்டோ குறைத்து மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, வலியோடு இருந்திருக்கிறார். அதனால்தான் கணக்கு இடிக்கவில்லை. பிறகு இருவருக்கும் தாங்கவில்லை, அட்டை சீக்கிரம் காலியானது.

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்குத் தெரியும் டாக்டரம்மா. சொன்னா இவியளுக்கு மாத்திரைய நிறுத்திருவீயளோன்னு பயம். சொல்லலன்னா இவன் அடியில போய்..." அதற்கு மேல் சொல்லாமல் அழுதார். "எங்க ஆளுகள்ல பொண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் டியூப்பப் பிடிக்கணும். அக்கா தாலி அவன் கையில இருக்குன்னு கண்ணசர மாட்டான்னு சொல்லுவாவ. இப்போ இவன் இறங்கும்போது வேற யாரோ பிடிக்கான். போன வாரம் பிடிச்சவன் போன் பாத்துக்கிட்டு இருந்தானாம்."

தம்பியிடம் நான் ஒளிக்காமல் சொன்னேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும், மூட்டு வலி எதற்காக வருகிறது, அதை மறைத்தால் அத்தானின் இடுப்பு மாதிரி தன் தோளும் ஆகலாம் என்று. கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஒரு நாள் அடியில கொட்டாவி வந்துச்சு" என்றார். "அடியில எனக்கு எப்பவும் கொட்டாவி வந்ததே கிடையாது." அக்காள் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "இத ஏம்ல நீ சொல்லல?" அந்த அடியை நானே கொடுத்திருப்பேன்.

அன்றே வேலை தொடங்கியது. கணவருக்குக் குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, வாரா வாரம் படி இறக்குவதாக எழுதினேன். தம்பியை மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லி, அவர் பெயரில் தனிச் சீட்டு போட்டு, அவருக்கும் படிப்படியாகக் குறைத்து நிறுத்த ஏற்பாடு. அது முடிந்து, நான் சொல்லும்வரை கடலுக்குள் இறங்கக் கூடாது. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தோம். கடவுள் புண்ணியம், எலும்பு நன்றாக இருந்தது. தோளின் தசைநார்தான் தேய்ந்திருந்தது. அதற்கு இந்த மாத்திரையே தேவையில்லை. பயிற்சியும் ஓய்வும் போதும். எந்த டாக்டரையும் பார்க்காமல், அத்தான் வலியும் தன் வலியும் ஒன்று என்று நினைத்து விழுங்கியிருக்கிறார்.

மாத்திரையை எங்கே வைப்பீர்கள் என்று அன்று வீட்டில் கேட்டபோது, பூட்டுகிற அலமாரி அங்கே இல்லை. மனைவி சுற்றிமுற்றிப் பார்த்தார். பிறகு மாதா கூட்டின் கண்ணாடிக் கதவைத் திறந்து, சுரூபத்தின் பின்னால் அட்டைகளை வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் கிடந்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டார். "இனி எவன் கை வைக்கான்னு பாப்போம்" என்றார். வழிகாட்டுக் குறிப்புகளில் இதைவிட நல்ல யோசனை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பலகையை இறக்கினேன். புதிதாக எழுத உட்கார்ந்தபோது, 'மருந்தைப் பங்கு வைக்கக் கூடாது' என்று போடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "போடுங்க. பங்குக்கு மருந்து குடுக்கக் கூடாதாம்னு பங்குச் சாமியாரே உங்களத் தேடி வருவாரு" என்றார். ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்மக்களும் இவர்களுக்குப் பங்குதான் என்பதை மறந்துபோனேன். கடைசியில் எழுதியது இது: 'இந்த மாத்திரைய யாருக்கும் குடுக்கக் கூடாது. மச்சானுக்கும்தான்.' படித்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "அப்போ அண்ணனுக்கு?" என்று கேட்கிறார்கள். கேட்டால் போதும், மீதியை நான் வாயால் சொல்லிவிடுவேன். அப்பாவுக்கு மட்டும் போட்டோ அனுப்பவில்லை.

ஆறு வாரம் கழித்து மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். தம்பிக்கு மாத்திரை முழுதாக நின்றிருந்தது. கை தோளுக்கு மேல் போனது. கடலுக்குப் போகலாமா என்று கேட்டார். ஆழமும் நேரமும் குறைத்து, மெதுவாக ஏறி, வலித்தால் அன்றே வந்து காட்டுவதாக இருந்தால் போகலாம் என்றேன். கணவருக்கு நாளைக்கு இரண்டு மாத்திரையில் நின்றது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அறுவைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்கு மேல் குறைத்தால் நடக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இப்படியே போகட்டும் என்று எழுதப் போனேன்.

"காலை மாத்திரைய எடுத்துருங்க டாக்டரம்மா" என்றார் அவர்.

"ஏன்? வலி தாங்காது."

"இவன் நாளைக்கு இறங்குதான்லா. டியூப்ப நான் பிடிக்கணும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். வள்ளத்தில் ஏறணும், சும்மா உட்காரணும் என்று அவர் மாத்திரை எழுதிய அன்றே சொல்லியிருந்தார். முக்கியமான கேள்வி அதுதான் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள், பதிலைக் கேட்காமல் என் இஷ்டத்துக்கு ஒன்றை எழுதியிருந்தேன்.

"தூக்கி விட ரெண்டு பேரு வாரான்" என்றார். "கரைக்கு வந்து வள்ளத்த இழுத்த பொறவு ஒண்ணு போட்டுக்கிடுதேன். விடியுமுன்ன அது தெளிஞ்சிரும்லா?"

தெளிந்துவிடும். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாலை மாத்திரை மறுநாள் காலைக்கு நிற்காது. காலை மாத்திரையைப் பாதிப் பாதியாகக் குறைத்து நிறுத்தப் பத்து நாள் வேண்டும், அதுவரை மச்சானும் கரையில்தான் என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் செத்த எலும்போடு மரப்பலகையில் ஐந்து மணி நேரம் உட்காருவது எனக்கே நினைத்துப் பார்க்க முடியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவராவது வேண்டாம் என்று சொல்லட்டும் என்று நினைத்தேன்.

அவர் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வலிக்கும் டாக்டரம்மா. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாவ" என்றார். "ஆனா முழிச்சிருப்பாவ."

ஃபாரத்தைப் பின்னால் புரட்டி, நான் எழுதியிருந்த 'கடற்கரை வரை நடப்பது' என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன். மேலே 'மச்சானுக்கு டியூப் பிடிக்க' என்று எழுதினேன்.